முங்கினாலும் இறங்கினவர் பேதுரு

நடுவர் ஐயாவுக்கும், போதகர் ஐயரவர்களுக்கும், சபையாருக்கும் ஸ்தோத்திரம். வணக்கம் இவ்வளவு போதும். பின்னால் சபை விருந்துக்கு அசனச் சோறு வடித்தாயிற்று, குழம்பு வாசனை மேடைவரை வருகிறது.

விசுவாசம் வளர்வது பழகிய இடத்தில் நிலைத்திருப்பதாலா, அதைவிட்டு இறங்குவதாலா? நாங்கள் இறங்குகிற கட்சி. நாலு பாயிண்ட் எழுதிக்கொண்டு வந்தேன். எதிரணி டீச்சரக்கா போட்ட போட்டில் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். என்ன சொன்னார்கள்? "இயேசுவின் சீஷர் பேதுரு, தண்ணீர்மேல் நடந்து அவரிடம் போகப் படகைவிட்டு இறங்கினார், முங்கினார். மற்றப் பதினொரு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், நனையாமல் கரை சேர்ந்தார்கள். யார் புத்திசாலி?" நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா, நனையாமலா? மத்தேயு 14-ஆம் அதிகாரத்தை எடுங்கள். எதிர்க்காற்று, நடுக்கடல், படவு அலைகளினால் அலைவுபட்டது என்று போட்டிருக்கிறது. நேரமோ இரவின் நாலாம் ஜாமம், விடிவதற்கு முந்தின நேரம். அந்தப் படகில் நனையாமல் உட்கார்ந்திருக்க அவர்கள் என்ன, குற்றாலத்தில் குடை பிடித்தா குளித்துக்கொண்டிருந்தார்கள்? உள்ளே இருந்தவனும் நனைந்தான், இறங்கினவனும் நனைந்தான். ஆனால் கர்த்தர் கையை நீட்டிப் பிடித்தது யாரை? முங்கினவரை! அப்புறம் இரண்டு பேரும் படகில் ஏறினார்கள், காற்று அமர்ந்தது. பேதுரு முங்கிவிட்டுத் திரும்பி வருகிறவரைக்கும் காற்றே காத்திருந்தது அக்கா!

சரி, பழகிய இடம் என்றால் என்ன? வேலை மாற்றலாகி ஒரு ஊருக்குப் போனேன். முதல் ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, ஓரம், நேர் மேலே ஃபேன். உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் நின்றார். "ஸ்தோத்திரம் ஐயா" என்றேன். "ஸ்தோத்திரம்" என்றார். நிற்கிறார். முதல் பாட்டு, எல்லாரும் எழுந்தோம். பாட்டு முடிந்தது, எல்லாரும் உட்கார்ந்தோம். அவர் நிற்கிறார். பாவ அறிக்கை, முழங்காலில் நின்றோம். எழுந்து பார்த்தால், நிற்கிறார்! "ஐயா, உட்காருங்கள், இடம் கிடக்கே" என்றேன். "இடம் கிடக்கு தம்பி. நீ உட்கார்ந்திருக்கது என் இடம்லா!"

நகர்ந்துவிட்டேன். அன்றைக்குப் பிரசங்கம் என்ன தெரியுமா? ஆபிரகாம்! கர்த்தர் அவருக்குச் சொன்னது: "உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் போ." சபையிலேயே பெரிய சத்தத்தில் "ஆமென்" சொன்னது யார்? அவரேதான்! ஆபிரகாம் ஆரான் என்ற ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75. நம்ம பெரியவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். ஆபிரகாம் தேசத்தை விட்டார், இவரால் ஒரு ஃபேனை விட முடியவில்லை.

இருங்கள், இன்னும் முடியவில்லை. அடுத்த வாரம் ஆராதனை நடுவில் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் காற்று ஜிலுஜிலு என்று வருகிறது, அங்கே இடமும் கிடக்கிறது. போனாரா? வேர்த்து விறுவிறுத்து, சுற்றாத ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்! டீச்சரக்கா, உங்கள் கட்சிக்கு நல்ல தலைவர் அவர்.

சிரித்தது போதும். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவள். தாத்தாவும் அப்பாவும் மிஷனெரி டாக்டர்கள். இவளுக்கு அந்தப் பிழைப்பே வேண்டாம். அமெரிக்காவில் வசதியாக வாழவேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தாள். ஒரு ராத்திரி கதவைத் தட்டினார் ஒரு பிராமணர். "என் மனைவிக்குப் பிரசவ வலி, வாம்மா." "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவார்." "ஆம்பளை பார்க்கக்கூடாது." போய்விட்டார். அப்புறம் ஒரு முஸ்லிம், அதே கேள்வி, அதே பதில். அப்புறம் இன்னொரு இந்து. விடிந்தது. விசாரித்தாள். மூன்று தாய்மாரும் இறந்துபோய்விட்டார்கள். நடுவர் ஐயா, மூன்று பேரும்.

அந்தப் பிள்ளை அமெரிக்கா போனாள், சௌகரியத்துக்கு அல்ல, டாக்டருக்குப் படிக்க. 1899-இல் பட்டம். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஐடா ஸ்கடர் அம்மா. அந்த ஒற்றைக் கட்டில்தான் இன்றைக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

வாதம் எனக்குத் தெரியாது. ஒன்று கேட்கிறேன். ராத்திரி ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, பெற்ற தாயையோ பிள்ளையையோ கையில் தாங்கிக்கொண்டு அந்த வாசலுக்குப் போனவர்கள் இங்கே இருந்தால் கை தூக்குங்கள். அம்மா, அழாதீங்க, கையை இறக்க வேண்டாம். பின்னால் அண்ணாச்சி... அந்தத் தங்கச்சி... நடுவர் ஐயா, நீங்களுமா?