ஓலைக் கொழுக்கட்டையும் ஒரு டெக்சாஸ் புத்தகமும்

எல்லாருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமை தாங்கும் தமிழ்ப்பள்ளி முதல்வர் அவர்களே, பேரப் பிள்ளைகளுக்காக முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களே, வாராவாரம் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுப் பாடம் எடுக்கிற ஆசிரியர்களே, என்னைப் பேசச் சொன்ன விழாக்குழுவினரே, உங்கள் எல்லாருக்கும் நன்றி.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். எந்த மேடை ஏறினாலும் ஔவையின் இந்த வரியில்தான் தொடங்குவேன். இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன்: அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழிக் குடும்பங்களின் சிறுவர் நூல்களில் வரும் படம், பாட்டு, அப்புறம் அவற்றை வெளியிட்ட பதிப்பகம்.

முதலில் படம். டெக்சாஸின் கிங்ஸ்வில்லில் வளர்ந்த ஓவியர் கார்மென் லோமாஸ் கார்சா, தன் வீட்டுக் காட்சிகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் சில வரி எழுதி, 1990-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பெயரே குடும்பப் படங்கள்தான்.

என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது என் மகள் அதை நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷும் தெரியாது, ஸ்பானிஷும் தெரியாது. மகள் ஒரு அடுப்படிப் படத்தை விரித்துக் காட்டினாள். நீல ஓவரால் போட்ட தாத்தா, அவர் பக்கத்தில் காய்ந்த மக்காச்சோள மடலை ஊறவைக்கிற பிள்ளைகள், மடலில் மாவு தடவுகிற அம்மா, மாவின் மேல் கறி வைக்கிற அத்தையும் மாமாவும், மடித்ததை அடுக்குகிற பாட்டி. "ஏட்டி, இது கார்த்திகைக்கு நாம அவிக்கிற ஓலைக் கொழுக்கட்டைல்லா!" என்றார் அம்மா. அவ்வளவுதான், குருத்தோலை வெட்டப் பனை ஏறின அண்ணன், கருப்பட்டி திருடித் தின்று அடி வாங்கின தங்கச்சி என்று கதை ராத்திரி பதினோரு மணி வரை போனது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை, "அப்புறம் ஆச்சி, அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டு வரைந்தாள்.

கடைசிப் படத்தில் ஓவியரும் அவருடைய சகோதரியும் கூரை மேல் படுத்து வானம் பார்க்கிறார்கள், கீழே அவர்களுடைய அம்மா படுக்கை விரிக்கிறார். ஓவியராகும் ஆசையைத் தனக்கு ஊட்டியதே அந்த அம்மாதான் என்கிறார் ஓவியர். அதைப் படித்துச் சொன்னபோது என் அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

பாட்டுக்கு ஒரே ஒருவரைச் சொல்கிறேன். ஹுவான் ஃபெலிப்பே எர்ரேரா, ஊர் ஊராகப் போய் வயல் வேலை செய்த பெற்றோரின் பிள்ளை. அம்மா கவிதை சொல்வார், அப்பா புறாவைப் போலக் கூவுவார், அதை வைத்தே 1995-ல் சிறுவர் நூல் எழுதினார். 2015-ல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞரானார், அந்த இடத்துக்கு வந்த முதல் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழி வந்தவர், அவர்தான். செந்தமிழும் நாப்பழக்கம் என்றால் ஸ்பானிஷும் அப்படித்தானே!

பதிப்பகத்துக்கு நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் ஊர் நூலகத்தில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்த சிறுவர் நூல்களுக்கு ஒரு அலமாரியே இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தவற்றுக்கு ஒரு தட்டு கேட்போம். புத்தகம் வாங்கச் சொல்லும் படிவங்கள் பின்னால் காபி மேசையில் இருக்கின்றன, வீட்டுக்கு ஒன்று நிரப்பிக் கொடுங்கள். ஆச்சிமார்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரைய, அந்த மேசையிலேயே தாளும் வண்ணப் பென்சிலும் வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.