மீதி நேரம் அம்மாவுக்குப் போதாது

நடுவர் அவர்களுக்கும் எதிரணித் தோழர்களுக்கும் அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். "குழந்தையின் முதல் ஆண்டில் தாய் முதலில் நேரம் ஒதுக்க வேண்டியது குழந்தையின் வளர்ச்சிக்கான செயல்களுக்கா, தனக்கான செயல்களுக்கா?" என்பது தலைப்பு. தனக்கான செயல்களுக்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு நீண்ட பட்டியல் கொடுத்தார். குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட வேண்டும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், படப் புத்தகம் காட்ட வேண்டும், பாட வேண்டும், உடம்பை நீவிவிட வேண்டும். இதில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. இன்னும் நகரத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது, நாளுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்க வைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் நடுவர் அவர்களே, இதையெல்லாம் அம்மாதான் செய்ய வேண்டுமா? குப்புறக் கிடக்கும் குழந்தைக்கு எதிரே படுத்துச் சிரிக்க அப்பாவால் முடியும். படம் காட்டத் தாத்தாவால் முடியும். பாட அத்தையோ சித்தியோ போதும். கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் பிரசவத்தில் தளர்ந்துபோகின்றன. அவற்றுக்கு அம்மாவுக்குப் பதிலாக யார் பயிற்சி செய்வது? அவளுக்குப் பதிலாக யார் வெளியே நடந்துவிட்டு வருவது? மற்றவர் செய்யக்கூடியதைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், அவள் ஒருத்தியால் மட்டுமே ஆகக்கூடியதற்கு முதல் இடம் கொடுங்கள் என்கிறோம்.

இரண்டாவதாகப் பேசிய சகோதரி, "தாய்க்கு நேரம் கூடாது என்று சொல்லவில்லை, குழந்தை வேலை முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும்" என்றார். எப்போது முடிகிறது அந்த வேலை? பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி என்று வைத்தாலே 4 முதல் 6 மணி நேரம். துணி மாற்றுவதும் தூங்க வைப்பதும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அப்புறம் மிஞ்சும் நேரத்தில் அவள் தூங்கியாக வேண்டும். மீதி நேரத்தை நம்பி விட்டால் அந்தத் தாய்க்கு ஒரு வருடம் முழுவதும் ஒன்றுமே கிடைக்காது.

இடுப்புத்தளத் தசை என்றேன். மேடையில் இதைப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். பேசாததால்தான், தும்மினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிவதைப் பல பெண்கள் யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறார்கள், பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதி வைத்தார். கருவி வேண்டாம், தனி இடம் வேண்டாம், பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம். அத்துடன், மருத்துவத் தடை ஏதும் இல்லாத தாய்மார் மெல்ல மெல்லக் கூட்டி வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்புக்கு வர வேண்டும் என்கிறது 2020-இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். விறுவிறுவென்று நடந்தாலே அது கணக்கில் சேரும். அவசரப்படச் சொல்லவில்லை. முதல் சில வாரங்கள் ஓய்வுக்கும் சின்னச் சின்ன நடைக்கும் உரியவை. சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஓடுவதாக இருந்தால் 3 மாதமாவது போகட்டும் என்பதே பிசியோதெரபி நிபுணர்களின் பேச்சு.

உடம்பைவிட நான் அதிகம் கவலைப்படுவது மனதைப் பற்றித்தான். பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் நாடுகளில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இதைக் கண்டுபிடிக்க 1987-இல் உருவான எடின்பரோ வினாத்தாள் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. மொத்தம் 10 கேள்விகள், எல்லாம் கடந்த 7 நாட்களைப் பற்றியவை. அதில் குழந்தையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எடை ஏறியதா, கழுத்து நின்றதா, எதுவும் இல்லை. சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உன்னையே குறை சொல்லிக்கொண்டாயா, அழுதாயா என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வி, வரப்போகும் விஷயங்களை மகிழ்ச்சியோடு எதிர்பார்த்தாயா என்பது. நடுவர் அவர்களே, எதிரணியின் பட்டியல் முழுவதையும் ஒரு தாய் தவறாமல் செய்து முடித்தாலும், அவள் ஆசையோடு எதிர்பார்க்க அதில் என்ன இருக்கிறது? புதன்கிழமை சாயங்காலம் தோழியைப் பார்க்கப் போகிறாள் என்றால், திங்கள் இரவு விழித்திருக்கும்போதே அவளுக்கு ஒரு பிடிப்பு இருக்கும்.

பிரிட்டனில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு அறிகுறி இருந்த 134 தாய்மாரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 10 வாரம் குழந்தைகளோடு கூடிப் பாடினார்கள். இன்னொரு பிரிவினர் கூடி விளையாட்டுச் செயல்களில் ஈடுபட்டார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். அறிகுறி நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களில், பாடியவர்கள் விரைவாகத் தேறினார்கள். "பார்த்தீர்களா, குழந்தையும் கூடத்தானே இருந்தது" என்று எதிரணி சொல்லும். இருந்தது, மடியில். அங்கே அளந்து பார்த்தது தாயின் மனதை. தாய்–சேய் வகுப்பு எதுவாக இருந்தாலும் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: முடிந்து வெளியே வரும்போது அம்மாவின் மனம் லேசாக இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வகுப்பு வேண்டாம்.

அம்மா தன்னைக் கவனித்தால் குழந்தை ஏங்கிப்போகும் என்றும் ஒரு வாதம் வந்தது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தோடு சில நிமிடம் இருக்க வேண்டும். சில மாதக் குழந்தைதான், ஆனாலும் சிரித்துக் கூப்பிட்டுப் பார்க்கிறது, பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கலங்குகிறது. இதைச் சொல்லி எந்தத் தாயையும் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. சோர்ந்த முகத்துக்கு அந்தத் தாய் பொறுப்பல்ல, அவளுக்கு ஓய்வும் துணையும் தராத சுற்றம்தான் பொறுப்பு. ஆனால் அம்மாவின் மலர்ந்த முகத்துக்காகக் குழந்தை எவ்வளவு ஏங்குகிறது என்பது இதில் தெரிகிறதே. அவள் வெளியே போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும் முகமும் குழந்தைக்குத்தான் சேர்கிறது.

நடைப்பயிற்சியும் பாட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். துயரம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தன்னையோ குழந்தையையோ என்னவாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே போக வேண்டும்.

கடைசியாக, "கைமாற்றிவிட ஆளில்லாத தாய் என்ன செய்வாள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவளுக்கு எங்கள் வாதம் இன்னும் அதிகமாகவே பொருந்தும். தனியாக இருப்பவளிடம் போய், தினமும் இத்தனை வளர்ச்சி விளையாட்டு என்று அட்டவணை நீட்டுவது அவள் தலையில் இன்னொரு சுமை ஏற்றுவது. பால் கொடுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பேசும் பேச்சே அந்தக் குழந்தைக்குப் பெரிய பாடம்தான். அவளுக்கு வேண்டியது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்ச் சேர ஓர் இடம், அங்கே இதே நிலையில் இன்னொரு தாய். குழந்தை பாயில் புரளட்டும், இரண்டு அம்மாக்களும் வாய்விட்டுப் பேசட்டும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வந்தால், அந்த நேரத்தில் வீட்டைப் பெருக்கச் சொல்லாதீர்கள். அவள் விட்ட புத்தகத்தை எடுக்கட்டும், படம் வரையட்டும், நீந்தப் போகட்டும், பேசாமல் படுத்துத் தூங்கட்டும். என்ன செய்கிறாள் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

அந்த ஒரு மணி நேரத்தை நாளின் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விடாமல் முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும் என்பதே எங்கள் அணியின் கட்சி. நடுவர் அவர்கள் தீர்ப்பை எங்கள் பக்கம் வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.