வாய்க்காலில் இன்னும் ஈரம் இருக்கிறது

செப்டம்பர் 5, உலகத் தண்டுவட காய தினத்தையொட்டி நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.

எல்லோருக்கும் வணக்கம். முன்னால் வீல்சேரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், அவர்களைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி இறக்கி இங்கே கூட்டி வந்த வீட்டுக்காரர்களுக்கும் தனியாக ஒரு வணக்கம். பேச்சுக்கு நடுவில் நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். அவசரத்தில் இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட், அடிபட்டவர்களுக்கு உடற்பயிற்சி கொடுப்பவன். வாரம் தவறாமல் என் போனுக்கு ஒரு வீடியோ வந்துவிடும். வெளிநாட்டில் ஒருவர் வீல்சேரிலிருந்து எழுந்து நடப்பார், கீழே ஒரே வரி: "சார், இது நமக்கு எப்போ வரும்?" அனுப்புகிறவர் சில சமயம் இருபது வயதுப் பையன், சில சமயம் அவனுடைய அம்மா. அந்தக் கேள்விக்குப் போனில் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் இன்றைக்கு விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

தண்டுவடம் என்பது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை. சுண்டுவிரல் பருமன்தான், நீளம் சுமார் 45 சென்டிமீட்டர். அடிபட்டவுடன் ஊரில் "நரம்பு அறுந்துபோச்சு" என்பார்கள். ஆனால் முழுக்க அறுந்துபோவது குறைவு. எலும்பு நசுக்குகிறது, வீங்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, அப்புறம் அடுத்த சில மணி நேரத்திலும் நாட்களிலும் சேதம் பரவுகிறது. தூர்ந்துபோன வாய்க்கால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரவில்லை, ஆனால் வாய்க்கால் இருக்கிறது, மண்ணைக் கிளறினால் பல இடத்தில் இன்னும் ஈரமும் இருக்கிறது. சோதித்துப் பார்த்து, காயத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை, "முழுப் பாதிப்பு" என்று எழுதிக் கொடுத்தவர்களிடமும் சில இழைகள் தப்பியிருப்பது உண்டு.

அதனால்தான் முதல் நாள் அவ்வளவு முக்கியம். கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட 313 பேரைச் சேர்த்து நடத்திய ஓர் ஆய்வு 2012-ல் வந்தது. 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்து அழுத்தத்தை எடுத்தவர்களில் கிட்டத்தட்ட 20 சதவீதம் பேர் உணர்வையும் அசைவையும் அளக்கும் அளவுகோலில் ஆறு மாதத்தில் இரண்டு படியாவது முன்னேறியிருந்தார்கள், தாமதமானவர்களில் அது 9 சதவீதம்தான். நம் ஊரில் பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ ஒருவர் விழுந்தால் என்ன செய்கிறோம்? பதறிப்போய் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகிறோம். கழுத்தும் முதுகும் மடங்கும் அந்த ஒரு நிமிடத்தில், தப்பியிருந்த இழையும் போய்விடலாம். 108-க்குக் கூப்பிட்டுவிட்டு ஆளை அசைக்காமல் காத்திருங்கள். தூக்கியே ஆகவேண்டும் என்றால் ஒருவர் தலையையும் கழுத்தையும் ஆடாமல் பிடிக்க, நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் மரக்கட்டை போலப் புரட்டிப் பலகையில் ஏற்றுங்கள். உங்கள் தெருவில் நாலு பேருக்கு இதைச் சொல்லிவைத்தால் அதுவே பெரிய வைத்தியம்.

சரி, அந்த வீடியோக்களுக்கு வருகிறேன். 2006-ல் அமெரிக்காவில் ராப் சம்மர்ஸ் என்ற பேஸ்பால் விளையாட்டுக்காரர் மீது கார் மோதியது. நெஞ்சுக்குக் கீழே அசைவு போய்விட்டது. லூயிவில் நகரத்தில் ஆராய்ச்சியாளர் சூசன் ஹார்கெமாவின் குழு அவருக்கு 26 மாதங்களில் 170 தடவை நடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தது, கால் அசையவில்லை. பிறகு இடுப்புப் பக்கத் தண்டுவடத்தின் மேல் 16 மின்முனைகள் கொண்ட ஒரு பட்டையைப் பொருத்தி, மின்சாரத்தை ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். நாலே கால் நிமிடம் தன் எடையைத் தானே தாங்கி நின்றார். மின்சாரம் ஓடும்போது கால்விரலைத் தானே நினைத்து அசைக்கவும் செய்தார். 2011-ல் இது வெளியானபோது எங்கள் துறையில் பலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம், ஏனென்றால் காலை நடக்கவைக்கும் நரம்பு வலை காயத்துக்குக் கீழே உயிரோடுதான் இருக்கிறது, மேலிருந்து ஒரு தட்டு கிடைக்காமல் தூங்குகிறது என்பதை ஒரு மனிதர் எழுந்து நின்று காட்டிவிட்டார்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் கிரெகுவார் கூர்தீன் என்ற விஞ்ஞானியும் ஜோசலின் பிளாக் என்ற அறுவை மருத்துவரும் இதை இன்னும் முன்னே கொண்டுபோனார்கள். 2023-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் இருப்பவர் கெர்ட்-யான் ஆஸ்கம், நெதர்லாந்துக்காரர், 2011-ல் சீனாவில் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர். மூளையின் மேல் இரண்டு பக்கமும் பதித்த கருவிகள் அவர் "காலை எடுத்து வை" என்று நினைப்பதைப் படிக்கின்றன, கணினி அதைத் தண்டுவடத்தில் இருக்கும் கருவிக்கு அனுப்புகிறது, கால் எழுகிறது. அவர் நிருபர்களிடம் சொன்ன ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவே இல்லை. வீட்டில் ஏதோ பெயின்ட் அடிக்க வேண்டியிருந்ததாம், உதவிக்கு யாரும் இல்லையாம், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தானே அடித்துவிட்டாராம். இன்னொன்றும் நடந்தது: மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தபின் கருவியை அணைத்துவிட்டாலும் ஊன்றுகோலோடு கொஞ்சம் நடக்க முடிந்தது. தூர் வாரிய வாய்க்கால், தண்ணீர் ஓட ஓடத் தன் வழியைத் தானே ஆழப்படுத்திக்கொண்டது.

இதெல்லாம் அறுவை வேண்டிய, பெரும் செலவு பிடிக்கிற வேலை. நம் கைக்குச் சீக்கிரம் எட்டக்கூடியது வேறொன்று. கழுத்தின் தோல் மேலேயே மின்முனைகளை ஒட்டி, மின்சாரம் கொடுத்துக்கொண்டே கைக்குப் பயிற்சி தருவது. கழுத்தில் அடிபட்டுக் கை பாதிக்கப்பட்ட 60 பேரிடம் இதைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் மின்சாரத்தோடு பயிற்சி. 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் கையால் வேலை செய்யும் திறனும் இரண்டுமே கூடின. அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்க அரசு அந்தக் கருவிக்கு அனுமதியும் கொடுத்துவிட்டது. வீடியோவில் காட்டினால் பெரிதாகத் தெரியாது. ஆனால் டம்ளரைத் தானே பிடித்து வாயில் வைப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று இந்த முன்வரிசையைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல் பற்றியும் பேசியே ஆகவேண்டும். ஜப்பானில் கெயோ பல்கலைக்கழகத்தில் நாலு பேருக்கு, அடிபட்ட சில வாரங்களுக்குள், ஆளுக்கு 20 லட்சம் செல்கள் செலுத்தினார்கள். 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னார்கள்: இரண்டு பேருக்கு முன்னேற்றம், அதில் ஒருவர் எழுந்து நிற்கிறார், மற்ற இருவருக்குச் சொல்லும்படி எதுவும் இல்லை. நாலு பேரை வைத்து, செல் போடாத ஆட்களோடு ஒப்பிடாமல், இது வேலை செய்கிறது என்று அறுதியிட முடியாது. நல்ல தொடக்கம், அவ்வளவுதான். ஆனால் இந்தச் செய்தியைக் காட்டி "ஊசி போட்டால் நடந்துவிடுவான்" என்று காசு வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. மனைவியின் தாலிச் சங்கிலியை விற்று ஊசி போட்டுக்கொண்டு, இம்மியும் மாறாமல் திரும்பி வந்த ஒருவருக்கு நானே பயிற்சி கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் அதற்கப்புறம் படுக்கைப் புண் வராமல் தடுக்கும் தண்ணீர் மெத்தை வாங்கக்கூடக் காசு இல்லை. தயவுசெய்து வீட்டையும் நகையையும் விற்காதீர்கள். முறையான ஆராய்ச்சியில் சோதிக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள்.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? கழுத்தில் மின்முனை ஒட்டிச் சோதித்த அந்த 60 பேரில் அடிபட்டு 34 வருடம் ஆனவரும் இருந்தார். 34 வருடம்! புண் வராமல், கை விறைத்து மடங்கிப் போகாமல், கிட்னி கெடாமல் உடம்பைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான், சிகிச்சை வந்த அன்று அவரால் போய் உட்கார முடிந்தது. இங்கிலாந்தில் 1944-ல் டாக்டர் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்கும் முன்பு, அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும்தான் செத்துப்போனார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தே அவர் பலரைப் பிழைக்க வைத்தார். நம் வேலூரில், 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு புனர்வாழ்வு மருத்துவம் படித்துவந்து, 1966-ல் பாகாயத்தில் வந்த புனர்வாழ்வு மையத்தை உருவாக்கினார்.

என்னிடம் வந்த ஒரு பனையேறி அண்ணன் நினைவுக்கு வருகிறார். முதல் தடவை வரும்போது பிட்டத்தில் படுக்கைப் புண், என் கைமுஷ்டி போகும் அளவு குழி. ஆறு மாதம் குப்புறப் படுத்தே ஆற்றினார். இப்போது அவர் வீட்டுக்குப் போனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பனைமட்டை சாய்த்து வைத்திருக்கும், நுனியில் சின்னக் கண்ணாடி ஒன்று நூலால் கட்டியிருக்கும். ராத்திரி படுத்தவுடன் அதைப் பின்னால் நீட்டி, தோல் சிவந்திருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்கிறார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்துவிடுகிறார். ஒன்பது வருடமாகப் புண் இல்லை. கழுத்துக் கருவியோ மூளைக் கருவியோ நம் ஊருக்கு வரும் நாளில், நான் முதலில் போன் போடப் போவது அவருக்குத்தான்.

இப்போது கடிகாரத்தைப் பார்க்கிறேன். நான் மைக்கைப் பிடித்து அரை மணி ஆகிவிட்டது, நீங்கள் யாரும் நகரவே இல்லை. இப்படி அசையாமல் உட்கார்ந்தால்தான் புண் வரும், அதற்குத்தான் கடிகாரம். பிரேக்கைப் போடுங்கள். கை பலம் உள்ளவர்கள் இரண்டு கையையும் ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். முடியாதவர்கள் முன்னால் குனிந்து நெஞ்சைத் தொடையில் சாயுங்கள், கூட வந்தவர்கள் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை வலித்தால் இறக்கிவிட்டு மறுபடி தூக்குங்கள். மொத்தம் இரண்டு நிமிடம், நான் எண்ணுகிறேன். முடித்துவிட்டுக் கேள்விகளுக்குப் போவோம்.