சாரல் காத்துக்கு அசையாத விளையாட்டு வீடு

வணக்கம் மக்களே! இன்னைக்குப் புறவாசல்ல பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வீடு. நீளம் 6 அடி, அகலம் 5 அடி. வெளிநாட்டு வீடியோவப் பாத்துட்டு பலகையைத் தரையோட தரையா வச்சு அடிச்சீங்கன்னா, நம்ம தென்காசி மாவட்டம் செங்கோட்டை, புளியரை பக்கம் ரெண்டு சாரல் சீசன் தாங்காது. கீழ கரையான், மேல மேற்கேர்ந்து ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்து. காசை காலுக்கும் கூரைக்கும் போடுங்க. ஜன்னலுக்கு என்ன கலர்னு பிள்ளைகளே சொல்லிரும்.

இடம் பாக்கும்போது முதல்ல அண்ணாந்து பாருங்க. தென்னை இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. சாரலுக்கு முன்னாலயே, பங்குனி, சித்திரையில வேலையை முடிச்சிரணும்.

மரம். கேரளாவுல புனலூர் பக்கத்துலேர்ந்து ரப்பர் மரம் சல்லிசா வரும், பாக்கவும் வெள்ளையா அழகா இருக்கும். வெளியில போடாதீங்க. அதுல மாவுச்சத்து ஜாஸ்தி, வண்டு துளைச்சு மாவா கொட்டும், ஈரம் பட்டா பூஞ்சை. அயினி கேளுங்க, மலையாளத்துல ஆஞ்ஞிலிம்பாங்க. கேரளாவுல வள்ளம் கட்டுற மரம், தண்ணிக்கு அசராது. மில்லுல அறுத்த பச்சை மரத்தை அன்னைக்கே அடிக்காதீங்க. நடுவுல ரீப்பர், அதாவது மெல்லிசு மரச்சட்டம் கொடுத்து, நிழல்ல ஒரு மாசமாவது அடுக்கி வைங்க. இல்லைன்னா சுவர்ல பலகைக்குப் பலகை விரல் போற சந்து விழும்.

இப்ப அஸ்திவாரம். மூலைக்கு ஒண்ணு, நீளப் பக்கத்து நடுவுல ஒவ்வொண்ணு, மொத்தம் 6 குழி. 10 அங்குலச் சதுரம், ஒன்றரை அடி ஆழம். ரெண்டு மூலைவிட்டமும் 7 அடி 9¾ அங்குலம் வரணும். ஒண்ணு கூடி ஒண்ணு குறைஞ்சா சட்டம் கோணும், பிறகு கதவு சேராது. கான்கிரீட் 1:2:4, அதாவது சிமெண்ட் ஒண்ணு, மணல் ரெண்டு, ஜல்லி நாலு. ஜல்லி முக்கால் அங்குலம். தரைக்கு மேல 6 அங்குலம் தெரியுற மாதிரி பலகையடிச்சு ஊத்துங்க. ஒன்றரை மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஆறு தலையும் ஒரே மட்டமான்னு டியூப்ல தண்ணி விட்டுப் பாத்துக்கோங்க. 7 நாள் தண்ணி விடணும்.

கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், பாருங்க. கான்கிரீட் ஈரமா இருக்கும்போதே பட்டறையில வளைச்ச இந்த யூ கிளாம்பை இறக்கிட்டேன். 3க்கு 3 அங்குல மரக் காலை இதுக்குள்ள நிறுத்தி, 10 மில்லி போல்ட் ரெண்டு. காலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல அரை அங்குலம் வெளிச்சம் தெரியுது பாத்தீங்களா? அது வேணும்னே விட்டது. மரத்தோட வெட்டுமுகம்தான் தண்ணியை ரொம்ப உறிஞ்சும். அதுக்கு ப்ரைமர் ரெண்டு கோட் அடிச்ச பிறகுதான் நிறுத்தணும். கரையான் இந்த 6 அங்குலத்து மேல மண்ணு பூசித்தான் ஏறியாகணும். கண்ணுல பட்ட உடனே சுரண்டி எறிஞ்சிரலாம்.

தளம் தரையிலேர்ந்து 1 அடி. அடியில திறந்து விட்டா எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும். சுத்தி அரை அங்குலக் கண்ணு வெல்டு மெஷ் கம்பி வலை அடிச்சு, 6 அங்குலம் மண்ணுக்குள்ளயும் புதைச்சிருங்க.

ஆணி வேண்டாம். மழைக்கு ஊறி வெயிலுக்குச் சுருங்குற மரத்துல ஆணி தானா வெளிய வரும், பிள்ளை கையைக் கிழிக்கும். துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்க்ரூ வாங்கி, 3 மில்லி பிட்ல ஓட்டை போட்டுட்டு முறுக்குங்க. ஜன்னல் கம்பி, கைப்பிடி எங்கயும் இடைவெளி 3½ அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் நடுவுல வரக் கூடாது. உடம்பு நுழைஞ்சிரும், தலை மாட்டிக்கிடும். 3 அங்குலம் வச்சா கவலையில்ல.

கூரைக்கு ஓடு அழகுதான், ஆனா காத்துல ஒண்ணு நழுவினா கீழ பிள்ளை நிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் போகவே வேண்டாம். கலர் பூசின தகர ஷீட் போதும். முகடு கிழக்கு மேற்கா, வாசல் கிழக்க. ஷீட்டைக் கிழக்கு ஓரத்துல ஆரம்பிச்சு மேற்க போங்க. அப்பத்தான் மேல வர்ற ஷீட்டோட விளிம்பு காத்துக்கு முதுகு காட்டும். மாத்திப் போட்டா காத்து சந்துக்குள்ள புகுந்து சாரலையும் கூட்டிட்டு வந்துரும். மேற்க 6 அங்குலத்துக்கு மேல நீட்டாதீங்க, அடியில பிடிச்சு அப்படியே தூக்கிரும். ஸ்க்ரூவை ஷீட்டோட மேட்டுல போடுங்க. ரப்பர் வாஷர் பிதுங்குற அளவுக்கு முறுக்கினா ஒரே வெயில்ல வெடிச்சு ஒழுகும். வெட்டின விளிம்பு கத்தி மாதிரி, மடக்கி விட்டுருங்க.

பெயிண்ட்ல ஒரே விஷயம். 2017 நவம்பர்லேர்ந்து வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி. டப்பாவுல பாத்து வாங்குங்க. பரண்ல கிடக்கிற பழைய டப்பாவைத் திறக்காதீங்க, சின்னது கட்டாயம் ஜன்னல நக்கும்.

சாரல் முடிஞ்சு ஆவணி வெயில் ரெண்டு வாரம் அடிச்ச பிறகு, ஸ்பேனரோட ஒரு சுத்து வாங்க. மரம் சுருங்கியிருக்கும், ஒவ்வொரு நட்டும் கால் சுத்தாவது இறங்கும்.