ஃபைபர் அடிக்காதீங்க! பழைய ஸ்கி போட்டோட அடியைப் பிரிச்சுப் பார்க்கலாம் | சிலியாவ் பட்டறை

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? மலேசியாவுல, சிலியாவ்லேருந்து பேசறேன். பின்னால கவுந்து கிடக்கே, அதுதான் போன வீடியோவுல காட்டின மர ஸ்கி போட், அதாவது தண்ணியில ஸ்கி ஓட்டுறவங்களைக் கயிறு கட்டி இழுக்கிற படகு. திருப்பிப் போட்டாச்சு. செம்பனை லாரி ஓட்டுற பசங்க, செயின் பிளாக், பழைய டயர்னு அது ஒரு தனிக் கதை, விடுங்க. இன்னைக்கு அடிப்பாகம் மட்டும்தான்.

இதைப் பார்க்க வர்றவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். "எதுக்கு தம்பி இவ்ளோ பாடு? மேல ஃபைபர் அடிச்சு விட்டுடு லா, வேலை முடிஞ்சிடும்." பட்டறைக்காரங்களே சொல்றாங்க. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. இது பலகை பலகையா வச்சு ஸ்குரூ முடுக்கிக் கட்டின படகு. தண்ணி பட்டா பலகை ஊறி உப்பும், காய்ஞ்சா சுருங்கும். ஃபைபர் அது கூடச் சேர்ந்து அசையாது. ஓரத்துல விட்டுப் போகும். அந்த வழியா தண்ணி உள்ள போகும், ஆனா வெளிய வராது. மேல பளபளன்னு இருக்கும்போதே உள்ள மரம் மக்கிட்டே வரும்.

இங்க வாங்க, கேமராவைக் கிட்டக் கொண்டு வர்றேன். இது பின்பலகையை ஒட்டின இடம். பெயிண்டைப் பாருங்க, ஒரு கீறல் இல்லை. இப்ப இந்தக் குத்தூசியை வைக்கிறேன்... பார்த்தீங்களா? கைப்பிடி வரைக்கும் இறங்குது. ஒரு முழம் தள்ளி அதே பலகையில குத்தறேன்... நுனிகூட ஏறல. சுத்தியலால தட்டினாலும் தெரியும். நல்ல மரம் டங்குனு கேட்கும். மக்கின மரம் தொப்புனு அமுங்கும்.

ஏன் இந்த மூலையில மட்டும்? மழைத்தண்ணி. கடல் தண்ணிதான் மரத்துக்கு எமன்னு நாம நினைக்கிறோம். மரத்தை மக்க வைக்கிற பூஞ்சைக்கு உப்பு ஒத்துக்காது, அதுக்கு நல்ல தண்ணிதான் வேணும். மரத்துல ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ இருந்தா அதால வளர முடியாது. இந்தப் படகு தோட்டத்து ஸ்டோர்ல, ஒழுகற தகரத்துக்குக் கீழ, மூக்கைத் தூக்கிட்டு நின்னுச்சு. அடியில தண்ணி வடியற மூடியை யாரும் கழட்டல. சொட்டினது எல்லாம் பின்னாலதான் வந்து தேங்கிச்சு. போதாததுக்குக் கரையான் வேற, டிரெயிலர் கட்டை வழியா ஏறி ஒரு ஃபிரேமையே மண்ணாக்கிடுச்சு.

எங்க தாத்தா அந்தத் தோட்டத்துல லாரி டிரைவர். ஞாயித்துக்கிழமையானா துரைக்கு இந்தப் படகை போர்ட்டிக்சன் வரைக்கும் இழுத்துட்டுப் போய் கடல்ல இறக்கணும், சாயந்திரம் ஏத்திட்டு வந்து கழுவித் துடைக்கணும். ஒருநாள்கூட அவரை ஏறி உட்காருன்னு யாரும் சொன்னதில்லையாம். ஸ்டோரை இடிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டதும் நான் ஓடிப்போய் இதை வாங்கினேன். காரணம் புரியும்னு நினைக்கிறேன்.

சரி, ஸ்குரூ. இதை உள்ளங்கையில வச்சுக் காட்டறேன். வெளிய மஞ்சளா இருக்கு, பித்தளை. இப்ப பிளையர்ல பிடிச்சு லேசா வளைக்கிறேன்... முறிஞ்சிடுச்சு. முறிஞ்ச வாயைப் பாருங்க, இளஞ்சிவப்பு. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். உப்புத்தண்ணி துத்தநாகத்தைத் தின்னுட்டு, ஓட்டை ஓட்டையா செம்பை மட்டும் விட்டு வச்சிருக்கு. இந்த மாதிரி ஸ்குரூதான் அடிப்பலகை முழுக்கப் பிடிச்சிட்டு இருக்கு. ஃபைபர் அடிச்சிருந்தா இது யார் கண்ணுல படும்?

புதுசா சிலிக்கான் பிரான்ஸ் ஸ்குரூ போடறேன். அதுல துத்தநாகத்தை நம்பி எதுவும் இல்லை, கிட்டத்தட்ட 96 விழுக்காடு செம்பு. காசு கூடத்தான் ஆகும். ஸ்டெயின்லெஸ் போடலாமேன்னு கேட்பீங்க. தண்ணிக்கு மேல போடுங்க, தப்பில்லை. ஈரப் பலகைக்குள்ள காத்துப் படாம கிடந்தா ஸ்டெயின்லெஸ்ஸும் அரிக்கும்.

பலகையை எல்லாம் ஒரே நேரத்துல பிரிச்சுடாதீங்க. முதல்ல குறுக்குக் கட்டை அடிச்சு உருவத்தைப் பிடிச்சு வைக்கணும். ஸ்கி போட்டுக்கு இது உயிர். பின்பாதி அடி நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கணும். உள்பக்கம் குழிஞ்சா ஓடும்போது மூக்கு கீழ குத்தும். வெளிய வளைஞ்சா மூக்கு மேலயும் கீழயும் குதிக்கும். மிதவைகளைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு போற ஸ்லாலோம் போட்டியில ஆண்களை இழுக்கிறது மணிக்கு 58 கிலோமீட்டர்ல. கயித்துல ஒரு மனுஷன் தொங்கும்போது இந்த அடி குதிக்கக் கூடாது. இன்ஜினை நடுவுல வச்சு, கயிறு கட்டற கம்பத்தையும் அதுக்குக் கிட்டவே வச்சிருக்காங்களே, அதுவும் இதுக்குத்தான். பின்னால பாரம் குறைஞ்சா அலையும் குறையும், ஸ்கி ஆள் பக்கவாட்டுல இழுத்தாலும் படகு வால் ஆட்டாது.

பலகைக்கு என்ன மரம்? அமெரிக்காவுல கட்டின பழைய மரப் படகுங்க பலதுல பிலிப்பீன்ஸ் மரம்தான் ஓடுது. அது ஷோரியா இனம். நம்ம மெராந்தியும் அதே ஷோரியாதான்! வெளிநாட்டுலேருந்து வரவழைக்க வேண்டியதே இல்லை. மரக்கடையில கருஞ்சிவப்பா, கையில எடுத்தா கனமா இருக்கிறதைப் பொறுக்குங்க. வெளுத்த ரோஸ் கலர் வேண்டாம். நடுவுல ஓடுற கீல் கட்டைக்கு மட்டும் நான் செங்ஙால் போடறேன். திரங்கானுவில பூலாவ் டுயோங் தச்சர்கள் வரைபடமே இல்லாம, மர ஆணி அடிச்சுக் கட்டற படகுக்கு அந்த மரம்தான். அதுக்கு மேல எனக்கு அத்தாட்சி வேண்டாம்.

மூக்குப் பக்கம் பலகை முறுக்கிட்டுப் போகும். அதுக்குப் பலகையை ஆவியில வேக வச்சு வளைக்கணும். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மணி நேரம்னு கணக்கு. 1922-ல அமெரிக்காவுல மினசோட்டா பக்கம் ரால்ஃப் சாமுவேல்சன்னு ஒரு 18 வயசுப் பையன் முதன்முதலா தண்ணி ஸ்கி ஓட்டினான். அவன் செஞ்சதும் இதேதான். 8 அடி பலகை ரெண்டு எடுத்து, நுனியைச் சூடாக்கி வளைச்சுக்கிட்டான்.

இந்த அடி ரெண்டு அடுக்கு, நடுவுல பிசின் ஊறின கேன்வாஸ். இது எப்பவும் தண்ணியில ஊறி உப்பினாத்தான் ஒழுகாது. நான் கேன்வாஸை எடுத்துட்டு த்ரீஎம் 5200ங்கிற பசையைப் பூசறேன். அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுத்தான் இறுகும், நம்ம ஊருல ஈரத்துக்கா பஞ்சம்? ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கிறதால பலகை அசைஞ்சாலும் விடாது. ஆனா ஒட்டினா ஒட்டினதுதான், பிரிக்க முடியாது. அதனால எல்லாப் பலகையையும் முதல்ல பசை இல்லாம முடுக்கிப் பார்த்துட்டு, நம்பர் போட்டுக் கழட்டி, அப்புறம்தான் பூசணும்.

வார்னிஷ் எப்போன்னு கேட்காதீங்க. அது கடைசி வேலை. பனி காஞ்ச காலையில ஆரம்பிச்சு, மத்தியான மழை இருட்டறதுக்குள்ள முடிக்கணும்.

அடுத்த வீடியோவுல பின்பலகை. உங்க தோட்டத்துல, கிராமத்துல இந்த மாதிரி மரப் படகு மூடிக் கிடந்தா, இப்பவே போய் தார்ப்பாயைத் தளர்த்தி விடுங்க, காத்து ஓடட்டும். மூக்கைத் தூக்கி வச்சு, அடி மூடியைக் கழட்டுங்க. பின் மூலையில ஊசி குத்திப் பாருங்க. இறங்குச்சுன்னா போட்டோ பிடிச்சு அனுப்புங்க, சேர்ந்து பார்க்கலாம்.