இரண்டாம் அடியும் ஒன்பதாம் அடியும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் தன்னம்பிக்கை நூல்கள் வாசலுக்கு நேர் எதிரே உள்ள அடுக்கிலும், நாவல்கள் கடைசிச் சுவரை ஒட்டிய அடுக்கிலும் இருக்கின்றன. சில மாதங்களாக ஒவ்வொரு முறையும் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துவந்து, மாற்றி மாற்றிப் படித்துவருகிறேன். திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரையிடும் தாள் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்குமல்லவா? தன்னம்பிக்கை நூல்களில் அந்தத் தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. நாவல்களில் மூன்று நான்கு முத்திரைகளைக் கண்டாலே அதிகம். ஆனால் அதே தன்னம்பிக்கை நூல்களில் பென்சில் அடிக்கோடுகள் முதல் நாற்பது பக்கங்களில் நெருக்கமாக ஓடிவந்து, பிறகு திடீரென்று நின்றுவிடுகின்றன. முன்னேறப் புறப்பட்டவர் எந்தப் பக்கத்தில் களைத்துப்போனார் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

நானும் அப்படிப் புறப்பட்டவன்தான். ஜேம்ஸ் கிளியர் 2018இல் எழுதிய 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' என்ற நூலைப் படித்துவிட்டு, அதில் சொன்னபடியே நடைப்பயிற்சிக் காலணிகளை முதல் நாள் இரவே வாசற்படியருகே எடுத்துவைத்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு விழுக்காடு மேம்பட்டால் ஓராண்டில் ஏறத்தாழ 37 மடங்கு மேம்பட்டிருப்போம் என்று அவர் கணக்குக் காட்டுகிறார். கூட்டுவட்டிக் கணக்காக அது சரியானதே. மனிதனுக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆயினும் நூலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மனவுறுதியை நம்பாமல், செய்யவேண்டியதை எளிதாகக் கண்ணில் படும்படி வைத்துக்கொள் என்று சொல்வதில் நல்ல நடைமுறை அறிவு இருக்கிறது. சமையலறைக் காலண்டரில் ஐம்பத்துமூன்று நாள்கள் இடைவிடாமல் சிவப்பு மையில் குறி போட்டேன். ஐம்பத்துநான்காம் நாள் என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஒரு நாள் தவறினாலும் அடுத்தடுத்து இரண்டு நாள் தவறவிடாதே என்கிறது நூல். நான் தவறவிட்டது இருபத்திரண்டு நாள்.

அந்த இருபத்திரண்டு நாளும் மருத்துவமனை வராந்தாவில் கையில் இருந்தது இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018இல் வெளிவந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நாவல். பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரை எதிர்த்து, ஆட்டோ ஓட்டும் ரவியை மணந்துகொள்கிறாள். பிறகு ஒருநாள் உடலெல்லாம் வெந்த நிலையில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். அவளுடைய தகப்பனார் தலைமையாசிரியர். பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், சேமித்தவர், எந்தத் தன்னம்பிக்கை நூலும் குறை சொல்லமுடியாத மனிதர். அவர் கையில் பணம் இருக்கிறது. அதைக் கொண்டு வாங்குவதற்குத்தான் அங்கே ஒன்றும் இல்லை. நாவலின் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களின் பேச்சு. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே என்று முதல் இரண்டு நாள் சலித்துக்கொண்டு பக்கங்களைத் தள்ளினேன். மூன்றாம் நாள் பார்க்க வந்த ஒன்றுவிட்ட அத்தையிடம், தாயார் விழுந்த கதையை, ஈரத் தரை, சோப்பு, கேட்ட சத்தம் என்று அதே வரிசையில், அதே சொற்களில், ஏழாவது தடவையாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றிரவு, தள்ளிய பக்கங்களைத் திரும்பிப்போய்ப் படித்தேன்.

இவ்வளவு சொல்வதால் தன்னம்பிக்கை நூல்கள் வென்றவர்களின் வீண்பேச்சு என்று முடிவுகட்டிவிட முடியாது. அவ்வாறு நினைக்கவிடாமல் என்னைத் தடுப்பவர் வ.உ.சி. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903இல் வெளியிட்ட சிறு நூலொன்றை 'மனம் போல வாழ்வு' என்று அவர் தமிழாக்கினார். அதுவும் சிறையில் இருந்த காலத்தில். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 1908இல் ஆயுள் தண்டனை பெற்று, கோவைச் சிறையில் செக்கிழுத்த மனிதர், அவனவன் எண்ணமே அவனவன் சூழ்நிலையை உண்டாக்குகிறது என்று சொல்லும் நூலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவருடைய எண்ணம்தானே அவரைச் சிறைக்கு அனுப்பியது என்று குறும்பாகக் கேட்கலாம். ஆலன் சொல்லவந்தது அதுவல்ல. மாற்ற முடியாத சுவர்களுக்குள் இருப்பவனுக்கு மாற்றக்கூடியதாக மிஞ்சுவது மனம் ஒன்றே. அந்த இடத்திலிருந்து படிக்கும்போது, கூட்ட அரங்குகளில் கைதட்டலுக்காகச் சொல்லப்படும் அதே கருத்து முற்றிலும் வேறொரு கனத்தோடு ஒலிக்கிறது.

அரங்குகள் என்றதும் புறநானூற்றின் 192ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் விரும்பி எடுத்தாளும் 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்பது அப்பாட்டின் இரண்டாம் அடி. நீ உயர்வதும் தாழ்வதும் உன் கையில் என்று பொருள் சொல்லிவிட்டு அவர்கள் இறங்கிவிடுகிறார்கள். பதின்மூன்று அடிகள் கொண்ட அதே பாட்டின் ஒன்பதாம் அடியை ஒட்டி, கல்லில் மோதி இரையும் பேராற்று நீரோடு போகும் தெப்பத்தைப்போல உயிரும் முறைவழியே செல்லும் என்று கணியன் பூங்குன்றனார் சொல்வதை மேடையில் நான் கேட்டதே இல்லை. 'பெரியோரை வியத்தலும் இலமே' என்ற அடியையும் அவர்கள் தொடுவதில்லை. தொட்டால் கோடீசுவரர்களின் கதைகளை என்ன செய்வது?

அந்த ஒன்பதாம் அடியிலிருந்துதான் தேவிபாரதி தமது 'நீர்வழிப் படூஉம்' நாவலுக்குத் தலைப்பை எடுத்துக்கொண்டிருக்கிறார். 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இதற்குக் கிடைத்தது. கொங்குநாட்டுக் கிராமத்தில் குடிநாவிதராக வாழ்ந்து ஒடிந்துபோன காரு மாமாவின் சாவுக்கு உறவுகள் வந்து கூடுகின்றன. பழைய மனத்தாங்கல்களோடு வந்தவர்கள் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து அழுகிறார்கள். முன்னேற்றம் என்று சொல்லத்தக்க ஒன்றும் அங்கே நடப்பதில்லை; இருந்தும், அண்மையில் படித்தவற்றில் என்னை மிகவும் தேற்றிய புத்தகம் இதுவே. ஒரு குறையும் உண்டு. அத்தை, மாமா, பெரியம்மா என்று உறவுகள் அடுத்தடுத்து வந்து நிற்பதால் யார் யாருக்கு என்ன முறை என்று எனக்குக் குழம்பிப்போயிற்று. மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு வம்சாவளிப் படம் வரைந்து வைத்துக்கொண்டே படித்து முடித்தேன்.

நூலகத்தில் திருப்பிக் கொடுத்தபோது அந்தச் சீட்டை எடுக்க மறந்துவிட்டேன். நாற்பதாம் பக்கத்துக்கு அருகில் இருக்கும். அடுத்து எடுப்பவர் வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம்.