நான்காவது நாற்காலி வேண்டாம், மூன்றில் ஓர் இடம் கொடுங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தொழிலாளர் துறையின் உயர் அலுவலர்களே, என்னை அழைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்த செயலாளர் அவர்களே, முதலாளிகள் சங்கப் பெருமக்களே, முன்வரிசையில் கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி.

அரசு, முதலாளி, தொழிலாளர் மூவரும் உட்கார்ந்து பேசும் முத்தரப்புப் பேச்சுவார்த்தை பற்றி மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள்: வரலாறு, சட்டம், நடைமுறை. வரலாறு சுருக்கம்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-ல் பிறந்தது. அதன் ஆண்டு மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் அரசு சார்பில் இருவர், முதலாளி தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர் என அனுப்புகிறது. தொழிலாளர் பிரதிநிதி தன் அரசுக்கு எதிராகவே வாக்களிக்கலாம். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்!

நடைமுறைக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தைக் கூட்டக் கேட்டுப் பேச்சுவார்த்தை. மேலாளர் அட்டவணையைக் காட்டி, "அரை மணி நேரம் தாராளம்" என்றார். அலுவலரும் தலையாட்டினார். பின்னால் இருந்த ஓர் அம்மா எழுந்து, "ஐயா, கை கழுவுற குழாய் எத்தனைன்னு தெரியுமா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. சரி, போய்ப் பார்க்கலாம் என்று எல்லோரும் இறங்கினார்கள். இரண்டு குழாய். ஒன்றில் தண்ணீர் வரவில்லை, இன்னொன்றில் நூலாக வருகிறது. வரிசையோ வாசலைத் தாண்டி நிற்கிறது. அந்த அம்மா விடவில்லை. "நீங்களும் நின்னு கழுவிட்டு வாங்க சார்" என்று மேலாளரையும் கடைசியில் நிறுத்திவிட்டார். அவர் கை நனைவதற்குள் சங்கு ஊதிவிட்டது! மறுவாரம் வரிசையாகக் குழாய்கள் வந்தன. அரை மணி நேரமும் போதுமானதாகிவிட்டது.

ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண் யாரிடம் போய்க் குழாயைக் காட்டுவாள்? உலகில் இவர்கள் சுமார் 7 கோடியே 56 லட்சம் பேர், பெரும்பாலோர் பெண்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பே கணக்கிட்டிருக்கிறது. இவர்களுக்கென 2011-ல் 189-வது உடன்படிக்கையும் வந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்கிறோம். மூடிய கதவுக்குள் அழுதால் யார் காதில் விழும்?

"முதலாளி தரப்பில் யாரை உட்கார வைப்பது?" என்று கேட்பார்கள். உருகுவேயைப் பாருங்கள். 2008-ல் அங்கே இல்லத்தரசிகள் சங்கம் முதலாளி தரப்பில் அமர்ந்து, வீட்டுப் பணியாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. அரசும் உடன் இருந்தது.

சட்டம் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். அலுவலர் அவர்களே, ஊதியம் நிர்ணயிக்கும் அடுத்த முத்தரப்புக் குழுவில் வீட்டுப் பணியாளர் ஒருவரைச் சேர்க்கக் கோரும் மனு என் பையில் இருக்கிறது. மேடையை விட்டு இறங்குமுன் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புகைக் கையெழுத்துக்குப் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.